சிவப்பு நூல் கட்டிய கோட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் கடையும் சுகம். கடையையும் ஓர் ஆளாகச் சேர்த்துச் சொல்கிறானே என்று நீ மூக்கைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? மாடி ஏறவேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறார்.

போனில் பேசினால் பாதிப் பேச்சு உனக்கு, பாதிப் பேச்சு கஸ்டமருக்கு என்று ஆகிவிடுகிறது, இனி எதுவானாலும் உட்கார்ந்து எழுது என்று நீ உத்தரவு போட்டுவிட்டாய். அதனால் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து போனாலும் காகிதத்தில் உனக்குத் தெரியாதல்லவா!

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் கடை இருந்த நிலைமை உனக்குத் தெரியும். ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். இப்போது மேல்மாடியில் ‘பொக்கிஷம்’ என்று ஒரு புதுப் பிரிவு திறந்திருக்கிறேன். பழைய காலத்து உடுப்புகள். நம் சின்ன வயதில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத அகலக் காலர், பெரிய பெரிய பித்தான், கடுகு நிறம், பாசி நிறம் எல்லாம் இப்போது ராஜ மரியாதையோடு போகிறது. காலேஜ் பிள்ளைகள் படியில் வரிசையாக நிற்கிறார்கள். தாத்தா தோளில் மூட்டை சுமந்து வீடு வீடாக விற்றார், அப்பா கடைக்கு மாடி எடுத்தார், இவன் என்னத்தைக் கிழித்தான் என்று கேட்டவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடைக்காரன் கதவோரம் நின்று நம் கூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான்.

ஆனால் எனக்குப் பின்னால் ஷட்டரைத் தூக்க ஆள் வேண்டுமே அக்கா. எங்களுக்குக் குழந்தை இல்லை. உன் மகள், நம் வாலு, உடை வடிவமைப்புப் படித்து முடித்துவிட்டாள். போன தடவை வந்தபோது அவள் கண் எப்படி ஹாங்கர் ஹாங்கராக மேய்ந்தது என்று பார்த்தேன். அது நம் ரத்தம். நீ கடையை விட்டு ஓடினாய், அவள் தானாகத் திரும்பி வருகிறாள். தடுக்காதே.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் உன் கடை வாசனை வீடெல்லாம் அடித்தது. அந்தச் சென்ட்டை எதன் மேல்தான் அடிக்காமல் விடுவீர்களோ தெரியவில்லை, காகிதத்தைக் கூடவா!

அத்தானுக்குக் கால் பரவாயில்லை, வாய்தான் ஓயவில்லை. தினமும் உன்னை விசாரிக்கிறார்.

வாலு உன் கட்சிதான். காலையில் பல் தேய்க்கும்போதே மாமா கடை, மாமா கடை என்று ஆரம்பித்துவிடுகிறாள். எனக்கு அந்தக் கடையை நினைத்தாலே உடம்பு அரிக்கிறது. வருத்தப்படாதே, உள்ளதைச் சொல்கிறேன். நீ ஆண்பிள்ளை, சட்டையும் கால்சட்டையும் எப்படியோ ஒப்பேறிவிடும். நானும் அம்மாவும் பட்டது உனக்குத் தெரியாது. இரண்டு சீசன் தாண்டியும் போகாத உடுப்பின் விலைச்சீட்டில் அப்பா ஒரு சிவப்பு நூல் கட்டுவார். சிவப்பு நூல் என்றால் வீட்டுக்கு. அது தாத்தா போட்ட சட்டம். ஊரார் கண்ணுக்குத் துணிக்கடைக்காரர் வீடு, தினம் ஒரு புதுசு. உள்ளே வந்து பார்த்தால் ஊரே வேண்டாம் என்று தள்ளியதை நாங்கள் போட்டுத் தீர்த்துக்கொண்டிருப்போம். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இடுப்பு எங்கே வரவேண்டுமோ அங்கே வராது.

என் கல்யாணத்தன்று அம்மா போட்டிருந்த கவுனின் நிறத்துக்கு எனக்குப் பல வருஷம் பெயர் தெரியாமல் இருந்தது. ஒருநாள் வார்டில் ஒரு நோயாளி வாந்தி எடுத்தார். அட, இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் நர்ஸ் படிப்புக்குப் போனதைச் சேவை மனப்பான்மை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தார். நான் போனது சீருடைக்காக. காலையில் எழுந்ததும் எனக்கென்று தைத்த, என் அளவில் இருக்கிற, வெள்ளையாக இருக்கிற ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காக.

சரி, பழங்கதை. வாலுவை ஜூனில் அனுப்புகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அவள் உடம்பில் சிவப்பு நூல் ஏறக்கூடாது. ஏறினது தெரிந்தால் மறுநாளே வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

இன்னொன்று. அம்மா போனதும் அவள் உடுப்புகளையெல்லாம் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். நல்ல காரியம். ஆனால் அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே, ஒரு நீலக் கவுன் இருந்திருக்க வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம், அது மட்டும் வேண்டும். எடுத்து வைத்திருக்கிறாயா என்று எழுது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சரி என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கல்லாவிலிருந்தே கத்திவிட்டேன். விற்பனைப் பெண்களெல்லாம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். மேல்மாடியில் ஜன்னல் ஓரமாக வாலுவுக்கு ஒரு மேசை போடச் சொல்லிவிட்டேன். நல்ல வெளிச்சம் வரும் இடம். என் வீட்டுக்காரி மாடியறைக்கு வெள்ளை அடிக்க ஆள் பிடித்துவிட்டாள்.

உன் நிபந்தனைக்கு நான் கட்டுப்பட்டேன். சிவப்பு நூல் அவள் பக்கமே வராது. பார், இப்போதே அவளுக்குப் பொக்கிஷத்திலிருந்து நல்லதாக ஒன்று எடுத்து அனுப்பும்படி பார்சல் கட்டும் அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். முதல் தரம். போட்டுப் பார்த்துவிட்டு மாமாவுக்கு நாலு வரி எழுதச் சொல்.

நீ கேட்ட நீலக் கவுன் எனக்கு ஞாபகத்தில் இல்லை. எல்லாவற்றையும் மொத்தமாக மூட்டை கட்டிக் கொடுத்ததால் எதில் எது போனது என்று சொல்லத் தெரியவில்லை. பழைய உடுப்புதானே, விடு.

அன்புடன்,
தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

பார்சல் வந்தது.

பெட்டியை வாலுதான் பிரித்தாள். நான் டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினவள் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். “அம்மா, எப்படி இருக்கு பாரேன்.” கடுகு நிறக் கோட்டு. அகலக் காலர். விலைச்சீட்டு கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது, அதில் சிவப்பு நூல்.

அம்மாவின் கோட்டு போலவே இருக்கிறதே என்று நினைத்தேன். அதே மாதிரி எத்தனையோ தைத்திருப்பார்கள், இது ஏன் அம்மாவுடையதாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் வாலு உள்பக்கம் கையை விட்டாள். அம்மா தானாகத் தைத்துக்கொண்ட உள்பை, யாருக்கும் தெரியாத பை, அது இவள் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. “சீ, என்னமோ ஒட்டுதும்மா” என்று வெளியே எடுத்தாள். பாதி சப்பின இருமல் மிட்டாய். வாயில் இருக்கும்போது யாராவது வந்துவிட்டால் அம்மா துப்பிக் காகிதத்தில் சுற்றி உள்ளே போட்டுக்கொள்வாளே, அது. காகிதமும் பஞ்சும் மிட்டாயும் ஒன்றாகக் கசிந்து ஒட்டிப்போய் இருந்தது.

“கழட்டு” என்று கத்தினேன். வாலு பயந்துவிட்டாள். அவளிடம் இதுவரை அந்தக் குரலில் நான் பேசியதில்லை.

நான் சீழ் துடைத்திருக்கிறேன். படுக்கைப் புண்ணில் புழு எடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டும் இருக்கிறேன். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. பாத்ரூமில் போய் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அத்தான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் வந்து விளக்கைப் போட்டு அந்தக் கோட்டைப் பார்த்தேன். அக்குளில் வியர்வை படிந்த லைனிங்கைக் கத்தரித்து எடுத்துவிட்டுப் புதுசு வைத்திருக்கிறீர்கள். காலரில் அம்மாவின் தைலக் கறை போகவில்லை போலிருக்கிறது, அதன் மேல் ஒரு துணிப்பூ. எல்லாவற்றின் மேலும் உன் சென்ட்டு. சென்ட்டுக்கு அடியில் தைலம் அப்படியே இருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் அது போகாது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவள் மடியில் வளர்ந்தவன்தானே நீ.

முதியோர் இல்லம் என்று சொன்னாயே. யார் கையில் கொடுத்தாய்? எத்தனை பேர் தோளில் இப்போது அம்மா தொங்கிக்கொண்டிருக்கிறாள்? உன்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. பதில் எழுது. பொய் எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதை முழுசாகப் படி.

முதலில் அந்தப் பார்சல். அது நான் அனுப்பியதில்லை. அதாவது, அதை அனுப்பச் சொல்லவில்லை. நல்லதாக எடுத்து அனுப்புங்கள் என்றுதான் சொன்னேன். பார்சல் கட்டும் அம்மாள் விலாசத்தில் உன் பெயரைப் பார்த்திருக்கிறாள். நம் வீட்டு ஆள் என்றால் சிவப்பு நூல்தான் என்று அப்பா காலத்திலிருந்து அவள் கைக்குப் பழக்கம். பொக்கிஷத்தில் அந்தக் கோட்டு ஒன்றுதான் போகாமல் நின்றது, அதில் நூல் கட்டியிருந்தது. கையை நீட்டி எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அவளைத் திட்டியும் ஆயிற்று.

இல்லத்துக்குக் கொண்டுபோனது பொய்யில்லை. நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே இருந்த அம்மையார் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் யாருங்க போடுவாங்க? எங்க ஆளுங்களுக்கும் ஆசை இருக்காதா?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். உன்னிடம் அதை எப்படிச் சொல்வது? மூட்டை கோடவுனில் கிடந்தது. நம் பொம்மைக்காரர், அதான் ஷோகேஸில் பொம்மைக்கு உடுப்பு மாட்டுகிறவர், ஒருநாள் சும்மா விளையாட்டாக அதிலிருந்து ஒரு கவுனை எடுத்து மாட்டினார். காபி குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு பெண் வந்து அதுதான் வேண்டும் என்று நின்றாள். எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பொக்கிஷம் அப்படித்தான் ஆரம்பித்தது அக்கா. கடை மூடுகிற நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்றியது அம்மாவின் அலமாரி. இப்போது வெளியிலிருந்தும் பழைய உடுப்பு வாங்குகிறோம், ஆனால் ஆரம்பம் அதுதான்.

நீயே யோசித்துப் பார். அம்மா போட்டதெல்லாம் யார் சரக்கு? ஒன்றுக்காவது பில் உண்டா? கடையிலிருந்து வீட்டுக்குப் போனது, வீட்டிலிருந்து கடைக்கு வந்தது. இதில் திருட்டு எங்கே, தப்பு எங்கே? எல்லாவற்றையும் துவைத்து, நீராவி கொடுத்து, சுத்தமாகத்தான் மாட்டினோம். மிட்டாய் விஷயம் தவறிவிட்டது, உள்பை இருப்பது யாருக்குத் தெரியும்? அம்மாவே சொல்வாளே, கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டு, “பாத்துட்டே இருங்க, இதெல்லாம் ஒருநாள் விக்கும்” என்று. விற்றுவிட்டது. அவள் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

வாலு என்ன சொல்கிறாள்? அதைக் கேட்காமல் என்னால் கடிதத்தை முடிக்க முடியவில்லை.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 12

தம்பிக்கு,

வாலு என்ன சொல்கிறாள் என்று கேட்டாயே. “கோட்டு நல்லாத்தாம்மா இருக்கு. பாட்டிது நாலு பேருக்குப் பிடிச்சிருக்குன்னா அதுல என்ன அசிங்கம்?” என்கிறாள். சந்தோஷப்பட்டுக்கொள். உன் ரத்தம்தான். அவளோடு இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு உன்மேல் மட்டும் குமட்டவில்லை. தாத்தாமேல், அப்பாமேல், அந்த மேல்மாடிப் படியில் வரிசையில் நிற்கிற பிள்ளைகள்மேல், எல்லோர்மேலும் குமட்டுகிறது.

அம்மா சிரித்துக்கொண்டு சொன்னாள் என்கிறாய். ஆமாம், சிரித்தாள். அழுதால் அப்பா கடைக்குப் போய்விடுவார், சிரித்தால் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருப்பார். அதனால் சிரித்தாள். ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, ஆயுசு முழுக்க அவளை ஒரு கோடவுனாக வைத்திருந்தார்கள் நம் வீட்டு ஆண்கள். போகாத சரக்கையெல்லாம் அவள்மேல் ஏற்றினார்கள். செத்ததும் நீ இறக்கி விற்றுவிட்டாய். இதற்குப் பில் இல்லையாம், தப்பு எங்கே என்று கேட்கிறாய்!

இப்போது அந்த நீலக் கவுனைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவளே கடைச்சரக்கு ஆகிவிட்ட பிறகு வாக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது.

நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம். கடையில் சரக்கு எண்ணுகிற நாள். அப்பா, தாத்தா, நீ எல்லோரும் கடையில். அம்மா பல் டாக்டரிடம் போய்வருகிறேன் என்று இதே கடுகுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்தவள் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பையை எடுத்தாள். எதிர்க்கடைப் பை. அந்தக் கடை வாசலில் நிழல் பட்டாலே அப்பா குளிப்பார் என்று நாம் கேலி பண்ணுவோமே. அங்கே போய், நாலைந்து போட்டுப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நீலம். அகலக் காலரும் கிடையாது, பித்தானும் கிடையாது. இடுப்பு, இடுப்பில் இருந்தது.

அறைக்குள்ளேயே இங்கேயும் அங்கேயும் நடந்தாள். அம்மாவுக்கு ஒரு உருவம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். “வெளியே போட்டுட்டுப் போயேம்மா” என்றேன். “அப்பாக்குத் தெரிஞ்சா உயிரே போயிடும்டி. யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்றாள். அதற்கப்புறம் சரக்கு எண்ணுகிற நாள் வந்தாலே எங்கள் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அவள் அதைப் போட்டுக்கொள்வாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பேன். அவ்வளவுதான்.

தம்பி, மற்றதையெல்லாம் விற்றுத் தொலை. கொளுத்து. எனக்குக் கவலையில்லை. அது ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடு. அது உன் சரக்கு இல்லை, உன் அப்பா சரக்கும் இல்லை. அதை அனுப்பி வை, வாலுவை நானே ஜூனில் கூட்டிக்கொண்டு வந்து உன் கையில் ஒப்படைக்கிறேன். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது சத்தியம்.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

பொய் எழுதாதே என்றாய். எழுதவில்லை.

அந்தக் கவுன் போர்வைக்குக் கீழேதான் இருந்தது. கழுத்தில் எதிர்க்கடை லேபிள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ கொடுத்தது, அம்மா மறைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நம் வீட்டு அலமாரியில் அந்த லேபிள் இருந்தது என்று ஒருத்தர் கண்ணில் பட்டாலும் மானம் போய்விடும் என்று பட்டது. அங்கேயே பிளேடால் வெட்டி எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன். இல்லத்துக்கு மூட்டை கொண்டுபோகிறபோது இதை மட்டும் நம் லேபிள் வைத்துத் தைத்துத்தான் சேர்த்தேன்.

பொம்மைக்காரர் முதல்நாள் மாட்டினார் என்று எழுதினேனே, அந்தக் கவுன் அதுதான். அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போனதும் அதுதான். அவள் யார், எங்கே இருக்கிறாள், எதுவும் தெரியாது. தோழிகளிடம் விசாரித்தேன். அவள் வேலை கிடைத்து வேறெங்கோ போய்விட்டாளாம்.

ஒன்று செய்யலாம் அக்கா. அதன் போட்டோ இருக்கிறது, விளம்பரத்துக்கு எடுத்தது. நம் தையல் பிரிவில் அதேபோல, அதே நீலத்தில், அச்சு அசலாக ஒன்று தைக்கச் சொல்கிறேன். துவைத்துப் பழசாக்கியும் தரலாம், இப்போது அதற்கெல்லாம் வழி இருக்கிறது. உனக்கு வித்தியாசமே தெரியாது.

வாலுவின் மேசை வந்துவிட்டது. மாடியறையும் தயார்.

தம்பி

மே 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாலுதான் முதலில் பிரித்தாள். மாமா என்ன எழுதியிருக்கிறார் என்று ஆசையாகப் படிக்க ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். “லேபிளை வெட்டிட்டாராம்மா? வேற ஒருத்தர் தைச்சதுல தன் லேபிளை வெச்சாரா?” என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அம்மாவின் வியர்வையை விற்றது அவளுக்கு அசிங்கமாகப் படவில்லை. லேபிளை மாற்றியது அசிங்கமாகப் பட்டது. படித்த படிப்பு அப்படி. எதிலோ ஒன்றிலாவது அவளுக்குக் குமட்டுகிறதே என்று சமாதானம் அடைந்தேன்.

அப்புறம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சரக்கு எண்ணுகிற நாள், தாழ் போட்ட கதவு, எல்லாம். போட்டோவை மட்டும் வாங்கித் தா என்றாள். வேண்டாம், அதையும் அவன் பழசாக்கிக் கொடுப்பான் என்றேன்.

உன் கடையின் அதிர்ஷ்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். மூன்று தலைமுறையாக நீங்கள் பொறுக்கி எடுத்து அவளுக்குக் கொடுத்ததில் ஒன்றை ஒரு முதியோர் இல்லம்கூட வாங்கவில்லை. அவள் தானாகப் போய் எடுத்த ஒன்று காபி குடிக்கிற நேரத்தில் போயிற்று. அதைக் காட்டித்தான் மற்றதையெல்லாம் தள்ளியிருக்கிறாய். மூன்று பேரில் யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, உனக்கு எது பிடிக்கும் என்று அவளைக் கேட்டிருந்தால் இந்த வியாபாரம் அப்போதே உருப்பட்டிருக்கும்.

அச்சு அசலாகத் தைத்துத் தருகிறேன் என்று எழுதினாய் பார், அதைப் படித்தபோது எனக்கு உன்மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. பல்லி செத்துக் கிடப்பதைப் பார்த்தால் கோபமா வரும்? தாண்டிப் போய்விடத்தான் தோன்றும்.

வாலு ஜூனில் அந்தத் தெருவுக்கு வருகிறாள். உன் கடைக்கு இல்லை. எதிர்க்கடைக்கு எழுதிக் கேட்டாள், தான் செய்த மாதிரிகளை அனுப்பினாள், வரச் சொல்லிவிட்டார்கள். நான் தூண்டிவிடவில்லை, தடுக்கவும் இல்லை. உன் மாடியறை வேண்டாம், அவளே இடம் பார்த்துக்கொண்டாள். வழியில் பார்த்தால் அவளிடம் பேச்சுக் கொடுக்காதே.

கோட்டு என்னிடம் இருக்கும். துணிப்பூவைப் பிய்த்துவிட்டேன். துவைக்கவில்லை. அதில் இருந்த விலைச்சீட்டையும் சிவப்பு நூலையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இனி இதைக் கட்டிக்கொள்ள ஆள் இல்லை.

இனி எழுதாதே.

அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். ஐந்து மாதம் எழுதாமல்தான் இருந்தேன். அத்தானுக்கு ஆபரேஷன் ஆனது வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. மனசு கேட்கவில்லை.

இங்கே பொக்கிஷம் முன்போல இல்லை. அந்தப் பிள்ளைகள் வேறெதன் பின்னாலோ போய்விட்டார்கள். மேல்மாடி முழுக்கச் சிவப்பு நூலாகத் தொங்குகிறது. என் வீட்டுக்காரி தொடமாட்டேன் என்கிறாள். உன் கடிதத்தை அவளும் படித்துவிட்டாள். அதனால் நானே போட்டுக்கொள்கிறேன். நேற்று ஒரு பாசி நிறச் சட்டை, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. நீ சொன்னபோது மிகைப்படுத்துகிறாய் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் அரிக்கிறது.

கல்லாவிலிருந்து பார்த்தால் எதிர்க்கடை ஷோகேஸ் தெரியும். வாலு உள்ளே ஸ்டூல் மேல் நின்று பொம்மைக்கு மாட்டுவாள். வாயில் குண்டூசி. ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பியதில்லை. நீ சொன்னபடி நானும் வழியில் பேச்சுக் கொடுக்கவில்லை.

போன வாரம் சரக்கு எண்ணுகிற நாள். எல்லோரும் மேலே எண்ணிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டரிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் அதுதான் வந்தது. தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குள் போனேன். பிறந்ததிலிருந்து முதல் தடவை. வாலு வந்து நின்றாள். என்னை நேராகப் பார்த்தாள்.

“என்ன பாக்கறீங்க, சார்?” என்றாள்.

சார் என்றாள் அக்கா.

நீலத்தில் ஒரு கவுன் என்றேன். காலர் வேண்டாம், பித்தான் வேண்டாம், இடுப்பு இடுப்பில் இருக்கவேண்டும் என்றேன். அவள் முகம் ஒரு நிமிஷம் மாறியது. பிறகு சரியாகிவிட்டது. “யாருக்கு சார்? அளவு சொல்லுங்க” என்றாள்.

எனக்கு அம்மாவின் அளவு தெரியவில்லை. துணிக்கடைக்காரன் வீட்டுப் பிள்ளை, கதவைத் திறந்து உள்ளே வருகிற யாரையும் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லுவேன். அம்மாவுக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டாள்.

உனக்குத் தெரியும் இல்லையா, அம்மாவின் அளவு? அதை மட்டுமாவது எழுது.

தம்பி